இரவு இரண்டு மணிக்கும் ஒரு முகப்பதிவு வேண்டி

பெறுநர்: தேசிய மருத்துவ ஆணையம், புது தில்லி.

பெருமதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

மயக்கவியல் எம்.டி. முதலாண்டு பி.ஜி. ஒருவன் எழுதிக்கொள்வது. தூங்கவைப்பது மட்டுமே எங்கள் பாடத்திட்டத்தில் இருப்பதால், தூங்குவதைப் பற்றி இங்கே எதுவும் கேட்கப்போவதில்லை.

1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம் எங்களைப் போன்றோருக்கு நாளுக்கு 12 மணிநேரம், வாரத்துக்கு 48 என்று எழுதிவைத்தது. 2023-இல் தாங்கள் எண் எதுவும் சொல்லாமல் ‘நியாயமான பணிநேரம்’ என்றீர்கள். 2024-இல் தங்கள் பணிக்குழு வாரத்துக்கு 74 மணிநேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நல்ல வளர்ச்சி. எங்கள் டியூட்டி லிஸ்ட் போடுபவர் இந்த மூன்றையுமே படித்ததில்லை. அதனால் குழப்பம் இல்லை.

அறுவைக்கு முன் நோயாளி ஆறு மணிநேரம் சாப்பிடக் கூடாது. நாங்கள் அதற்கும் மேலே. எந்நேரமும் எங்களையே டேபிளில் ஏற்றலாம்.

மேற்பார்வை விஷயத்துக்கு வருகிறேன். இரவு இரண்டு மணி, அவசர சிசேரியன். ஸ்பைனல் போட்டதும் பிரஷர் சரிகிறது. அதே நேரம் ட்யூப் போட ஐ.சி.யூ.விலிருந்து அழைப்பு. போனில் பேராசிரியர் சார், “நீயே மேனேஜ் பண்ணுப்பா, ஏதாவதுன்னா கூப்பிடு” என்கிறார். ஏதாவது ஆனதால்தான் கூப்பிட்டேன் என்று சொல்லும் துணிச்சல் மூன்றாமாண்டில் வருமாம். மாதக் கடைசியில் லாக் புக்கில் அந்தக் கேஸ் ‘நேரடி மேற்பார்வையில் செய்தது’ என்று கையெழுத்தாகிவிடும். சாரையும் குறை சொல்ல முடியாது. விடிந்தால் இரண்டு தியேட்டருக்கு அவர் ஒருவர்தான்; காலியிடத்தை இன்னும் நிரப்பவில்லை.

நோயாளியின் ஆக்சிஜன் இறங்கினால் மானிட்டரின் சத்தம் மாறும். சுவாசக் குழாய் கழன்றால் அலாரம் அலறும். நேற்றுக் காலையிலிருந்து விழித்திருப்பவனின் தலை சாய்ந்தால் மட்டும் எதுவும் கத்தாது. எங்கள் விரலிலும் ஒரு கிளிப் மாட்டச் சொல்லலாமே?

2025 மே முதல் பேராசிரியர்கள் கல்லூரி எல்லைக்குள் நின்று, ஜி.பி.எஸ். சாட்சியாகச் செல்போனில் முகம் காட்டி வருகையைப் பதிய ஏற்பாடு செய்தீர்கள். அபாரமான கருவி. பகலில் அந்த முகம் எங்கே இருந்தது என்று தில்லியிலிருந்தே தெரிகிறது. அதையே இரவிலும், மயக்க மருந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒருமுறை காட்டச் சொன்னால் போதும். முகம் வராவிட்டால், ஆளே இல்லாத அந்தக் காலியிடமாவது தங்கள் திரையில் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு பி.ஜி.

பி.கு.: எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்தருள்க. இந்தக் கடிதத்துக்கும் மேற்பார்வை போனில்தான்.