வெந்நீரில் விழிக்கும் விதை

கே: ஆஸ்திரேலியாவின் 'ஸ்டர்ட் பாலைப் பட்டாணி'யில் அப்படி என்ன அழகு?

ப: ரத்தச் சிவப்பில் விரல் நீளப் பூ. மேலிதழ் நிமிர்ந்து நிற்கும், கீழிதழ் கூராக இறங்கும். நடுவில் பளபளவென்று புடைத்த ஒரு கறுப்புக் குமிழ். இப்படி ஐந்தாறு பூக்கள் ஒரே காம்பில் கொத்தாகத் தொங்கும். தெற்கு ஆஸ்திரேலியா 1961இல் இதைத்தான் மாநில மலராக்கியது. நம் அகத்தியும் இதே குடும்பம்தான்.

கே: விதைத்து மாதமாகிறது. முளையே வரவில்லையே?

ப: விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. பாலையில் ஒரு தூறலை நம்பி எல்லா விதையும் முளைத்தால், அடுத்த வெயிலில் வம்சமே கருகிவிடும். அதனால்தான் இந்தப் பிடிவாதம். கொதித்து இறக்கிய வெந்நீரை விதைமேல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை விதையுங்கள். உப்பாதவற்றை உப்புத்தாளில் லேசாக உரசி மறுபடி ஊறவையுங்கள். உள்ளே இருக்கும் பருப்பில் கீறல் விழக்கூடாது.

கே: நன்றாக முளைத்தது, தொட்டி மாற்றியதும் செத்துவிட்டது. ஏன்?

ப: வேரைத் தொட்டீர்கள், அதுதான். ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கும் வேர் அது, இடைஞ்சலைப் பொறுக்காது. பூக்கப்போகும் இடத்திலேயே விதையுங்கள். இல்லையென்றால் மண்ணில் மக்கும் சிறு தொட்டியில் முளைக்கவைத்து, தொட்டியோடு நட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் பலர் மண்குழாயை நிமிர்த்தி வைத்து, மணல் கலவை நிரப்பி அதில் வளர்க்கிறார்கள். வேருக்கு ஆழமும் கிடைக்கும், தண்ணீரும் தேங்காது.

கே: தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

ப: நாற்றாக இருக்கும்போது மண் காயவிடாதீர்கள். வேர் பிடித்தபின், மேல்மண் காய்ந்ததும் ஊற்றினால் போதும். காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். இலையெல்லாம் பட்டு ரோமம். நனைந்தே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தண்டைச் சுற்றிச் சரளைக்கல் பரப்புங்கள். நிழல் வேண்டாம், முழு வெயில் வேண்டும். இளஞ்செடியை நத்தை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும், கவனம்!

கே: பெயரில் இருக்கும் ஸ்டர்ட்தான் கண்டுபிடித்தவரா?

ப: இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அது காலங்காலமாகத் தெரிந்த பூ. ஐரோப்பியரிலும் வில்லியம் டாம்பியர் முந்திக்கொண்டார். 1699இல் வடமேற்குக் கரையோரத் தீவில் அவர் பறித்து உலர்த்திய மாதிரி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. சார்லஸ் ஸ்டர்ட் தன் உள்நாட்டுப் பயணத்தில் இதைப் பார்த்தது 1844இல்.

கே: ஒரு பருவம் பூத்துவிட்டுக் காய்ந்துபோனது. என் தப்பா?

ப: தப்பே இல்லை. பெரும்பாலும் ஓராண்டுச் செடிதான். காய்ந்த காய்களைச் சேர்த்து, விதையை ஈரம் படாமல் வையுங்கள். பல ஆண்டு உயிரோடிருக்கும்.

கே: பாலைநிலத்துக்குப் போகும்போது ஒரு செடியைப் பிடுங்கி வரலாமா?

ப: கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அனுமதியில்லாமல் பூவைப் பறிப்பதே குற்றம். பிடுங்கினால் வேர் அறுந்து, வீடு சேருமுன் செடி செத்தும் போகும். நர்சரியில் விதை கிடைக்கிறது. காட்டுச்செடி தன் விதையை அங்கேயே உதிர்க்கட்டும். அடுத்த நல்ல மழைக்கு அந்த மண்ணில் பூக்க வேண்டியவை அவைதான்.