ஓஎஸ் அண்ணா

கெலமங்கலத்தில் ஒரு லேப்டாப் படுத்துவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டர் தேடி யாரும் ஓசூருக்கு பஸ் ஏறுவதில்லை. ஜெராக்ஸ் கடையின் உள்ளறையில் ஓஎஸ் அண்ணா இருக்கிறார். இவருக்கு வேறு பெயரும் உண்டு. ரேஷன் கார்டில் மட்டும் அது பயன்படுகிறது.

சாவிக்கொத்தில் சாவியைவிட பென் டிரைவ் அதிகம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். லேப்டாப்பைக் காதருகே வைத்துக் கேட்பார். உள்ளே டக்கு டக்கென்று சத்தம் வந்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "ஹார்ட் டிஸ்க் அவுட்டு. எஸ்எஸ்டி போட்டுடலாம். ஓஎஸ் நான் பாத்துக்கறேன்." தமிழில் இதைச் சொல்லிக்கொண்டே, பெங்களூரு எஸ்.பி. ரோட்டு வியாபாரியிடம் போனில் கன்னடத்தில் விலையை அடிப்பார். வாசலில் நிற்கும் தக்காளி மண்டிக்காரரைத் தெலுங்கில் சாயந்திரம் வரச் சொல்வார்.

ரோஜாத் தோட்டக்காரர் மகள் கவலையோடு கேட்பாள்: "டி டிரைவ்ல இருக்கறது போகாதுல்ல அண்ணா?"

"டிஸ்க்கே போச்சு பாப்பா. அப்புறம் டி எங்க இருக்கும்?"

சி டிரைவில் போட்டால்தான் போகும், டி-யில் போட்டால் பத்திரம் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அண்ணாதான். இரண்டும் ஒரே தட்டில் இருக்கும் சமாச்சாரத்தை மட்டும் டிஸ்க் போன பிறகு சொல்வார்.

கைவேலையில் குறை சொல்ல முடியாது. பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, டிஸ்க்கை உருவி, புதியதைச் செருகி மூடும்போது ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சாது. இது சாமானியமில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான், ஆக்டிவேஷனில்.

அண்ணா தொழில் படித்த காலம் அப்படி. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 25 எழுத்துக் கீ கேட்டது. 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் உள்ளேயே விடாது. விண்டோஸ் 7 காலத்தில் கீ லேப்டாப்பின் அடிவயிற்றில் ஸ்டிக்கராக ஒட்டி வந்தது. இரண்டு வருடம் மடியில் தேய்ந்த பிறகு அதில் பி எது, 8 எது என்று அச்சடித்தவனுக்கே தெரியாது. குழப்பம் வரக்கூடாதென்று ஓ, ஐ, பூஜ்யம், ஒன்று எல்லாவற்றையும் கீயிலிருந்து விலக்கிய மைக்ரோசாஃப்ட், பி-யையும் 8-ஐயும் மட்டும் ஏனோ விட்டுவைத்தது. அப்புறம் 2011 செப்டம்பரில் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. "இது என்னண்ணா, கேம் ஓட மாட்டேங்குது?" என்று வந்த பையன்களுக்கெல்லாம் லினக்ஸை வழித்தெடுத்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைத்துக்கொடுத்ததில்தான் அண்ணாவின் கொடி பறந்தது. கீ என்பது தேடினாலும் கிடைக்காத வஸ்து, கிராக் ஒன்றே வழி என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டார்.

உலகம் நகர்ந்துவிட்டது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்பில் கீ மதர்போர்டின் பயாஸ் சிப்பிலேயே பதிந்து வருகிறது. 2015இல் வந்த விண்டோஸ் 10, மிஷினின் அடையாளத்தையே மைக்ரோசாஃப்ட் சர்வரில் குறித்துவைத்துக்கொள்கிறது. மதர்போர்டு மாறினால்தான் தகராறு. டிஸ்க்கை மாற்றினால் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் அண்ணாவின் பென் டிரைவில் இருப்பது விண்டோஸின் புரோ பதிப்பு. "ஹோம் எல்லாம் வேஸ்ட்டு சார், புரோதான் கெத்து." லேப்டாப் விலையோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிய ஹோம் லைசென்ஸ் போர்டில் சும்மா உட்கார்ந்திருக்க, அதன் தலைமேல் திருட்டு புரோ ஏறிக்கொள்கிறது. சொந்த வீட்டுக்காரரைத் திண்ணையில் படுக்கவைத்துவிட்டு, பூட்டை உடைத்து வந்தவனுக்குக் கட்டில் போட்டுக்கொடுக்கும் காரியம் இது. திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து வரும். அண்ணா அசரமாட்டார். முதலில் ஆன்டிவைரஸை அணைப்பார். அப்புறம் ஒரு குட்டி புரோகிராமை ஓட்டுவார். பெரிய கம்பெனிகள் தங்கள் சர்வர் மூலமாகச் செய்யும் ஆக்டிவேஷனைப் போல அது நடிக்கும். அந்த முறைக்கு ஆயுள் 180 நாள். நடுநடுவே புதுப்பித்தாக வேண்டும். என்றைக்காவது ஆன்டிவைரஸ் விழித்து அந்தப் புரோகிராமைத் தூக்கி எறிந்தால், நாள் முடிந்ததும் எழுத்து மறுபடி முளைக்கும். வாடிக்கையாளரும் மறுபடி வருவார். "அப்டேட் பண்ணீங்களா? அதான்!" பழி முழுக்க வாடிக்கையாளருக்கு, கூலி மறுபடி அண்ணாவுக்கு.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் 11 போடச் சொல்லி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். 11 நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். வந்தவருக்கு மெயில் ஐடி ஞாபகம் இருக்காது, பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியும், மகன் சிப்காட்டில் நைட் ஷிப்ட். அண்ணா பெருந்தன்மையாகத் தன் ஐடியைப் போட்டுவிடுவார். 2024இல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால், வசதியுள்ள மிஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. ஆக, மளிகைக் கடை டேலி கணக்கு, ஆடிட்டர் ஆபீஸ் ஃபைல், கல்யாண ஆல்பம் என்று பாதி ஊரின் பூட்டுக்குச் சாவி அண்ணாவின் மெயிலில் கிடக்கிறது. அவருக்கே அது தெரியாது என்பதுதான் ஊருக்குப் பாதுகாப்பு.

அண்ணாவை மாற்ற முடியாது. மாற்றவும் வேண்டாம், அந்தக் கை ஊருக்குத் தேவை. லேப்டாப்பைக் கொடுக்கும்போது நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும். ஹோம் வந்த மிஷினில் ஹோமே போடச் சொல்லுங்கள். கீ கேட்கும் இடத்தில் 'கீ இல்லை' என்பதை அழுத்தச் சொல்லுங்கள். நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் மகனிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.