தோள் பங்கீட்டுச் சிக்கல்: பரங்கிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

மனித உடலுக்குத் தோள்கள் இரண்டு. உடற்கூற்றியல் இதை என்றோ முடிவு செய்துவிட்டது. உறவுக்காரர்கள்தான் இன்னும் ஏற்கவில்லை. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் ஒரு பிள்ளை பயிற்சி முடித்து வெளியே வரும் நாளில், அணிவகுப்புக்குப் பிறகு 'பிப்பிங்' என்றொரு சடங்கு நடக்கும். தோள்பட்டையில் நட்சத்திரங்களை மூடியிருக்கும் மறைப்பைப் பெற்றவர்கள் நீக்குவார்கள். அந்தக் கணத்தில் பிள்ளை லெப்டினன்ட். அந்தத் தோள்கள் யார் யாருக்கு என்பதே இவ்வாய்வின் பொருள். முன்னோடி ஆய்வுகள் ஏதும் கண்ணில் படாததால், இத்துறையின் தந்தை என்ற பட்டத்தை இவ்வாய்வாளர் அடக்கத்தோடு தாமே எடுத்துக்கொள்கிறார்.

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கொரு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றே நம் மாதிரி. அப்பா ஓய்வு பெற்ற சுபேதார். பயிற்சியில் இருப்பவள் மகள். இந்த அகாடமி 1963-இல் தொடங்கியது. பெண்கள் உள்ளே வர 1992 வரை ஆனது. அந்தக் குடும்பத்தின் அத்தை மட்டும் இன்னும் 1991-லேயே இருந்தார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா துப்பாக்கி?" என்பது தம்பியிடம் அவர் முன்வைத்த கருதுகோள்.

இங்கேதான் ஆய்வின் முதல் விதி பிறக்கிறது. எதிர்ப்பு எவ்வளவு பலமாக இருந்ததோ, தோளின் மேல் உரிமையும் அவ்வளவு பலமாகக் கோரப்படும். எஸ்.எஸ்.பி. என்னும் அதிகாரித் தேர்வுக்கு மகள் ஐந்து நாள் போனபோது "பெயிலாகி வந்துடுவா" என்றவர் தாய்மாமன். 49 வாரப் பயிற்சியில் பாதி கழிந்ததும் அவரே, "காது குத்தும்போது யார் மடியில உட்கார்ந்தா? ஸ்டார் குத்த மட்டும் நான் ஆகாதா?" என்று அக்காவிடம் போனில் கேட்டார். முறைப்படி பார்த்தால் வாதம் வலுவானதுதான். ஆனால் ராணுவச் சட்டத்தில் தாய்மாமன் என்றொரு பதவி இல்லை.

இரண்டு தோள்களிலும் இரண்டிரண்டு நட்சத்திரம், ஆக நான்கு. எனவே நான்கு பேர் என்று சித்தப்பா ஒரு கணக்குப் போட்டார். கூட்டுறவு வங்கியில் இருந்தவர், பங்கு பிரிப்பதில் தேர்ந்தவர். மறைப்பு நட்சத்திரத்துக்கு ஒன்றல்ல, தோளுக்கு ஒன்றுதான் என்று மகள் போனில் சொன்னதும் அந்தக் கோட்பாடு சரிந்தது.

இந்த நட்சத்திரங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுபேதாருக்கும் தோளில் இரண்டு நட்சத்திரம். கூடவே ஒரு பட்டிக்கோடு. லெப்டினன்டுக்கும் இரண்டுதான், கோடு கிடையாது. சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார் என்று படி ஏறி அந்த இரண்டாவது நட்சத்திரத்தைத் தொடுவதற்குள் தலை நரைத்துவிடும். மகளுக்கு அது ஓராண்டுக்குள் வந்துவிடுகிறது, அதுவும் கோடில்லாமல். "அவருக்கும் ரெண்டு, இவளுக்கும் ரெண்டு, அப்புறம் என்னடி வித்தியாசம்?" என்று பாட்டி மருமகளிடம் கேட்டார். "ஒரு கோடு, அத்தை" என்றார் அம்மா. அதை அவர் சொன்ன தோரணையில் கணவரின் பணிக்காலம் முழுவதும் அவர் தனியாகச் சமாளித்த ரேஷன் வரிசைகள், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்கள் எல்லாம் இருந்ததாக இவ்வாய்வாளருக்குப் பட்டது. வலது தோள் அம்மாவுக்கு என்பது அன்றே முடிவாகிவிட்டது; யாரும் தீர்மானம் போடவில்லை.

அப்பாவின் கவலையோ வேறு. இனிமேல் சல்யூட் அடிக்க வேண்டியவர் அவர். வாங்க வேண்டியவள் மகள். ஆனால் சிவில் உடையில், தலையில் ஒன்றும் இல்லாமல் கையைத் தூக்குவது முறையா? விறைப்பாக நின்று 'ஜெய் ஹிந்த்' சொல்வதோடு நிறுத்திக்கொள்வதா? பழைய ரெஜிமென்ட் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். பீரோக் கண்ணாடி முன்னால் ரகசியமாக ஒத்திகை பார்த்ததற்குக் கண்கண்ட சாட்சி பாட்டி. மகளின் பேரும் எண்ணும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தூக்கி வரப்போவது யார் என்பதில் மட்டும் போட்டியே இல்லை. அந்த உரிமையைத் தாய்மாமனுக்கு ஏகமனதாக வழங்கினார்கள்.

மற்ற ஆயத்தங்கள் ஆய்வுக்குரியவை அல்ல. ஆலந்தூரில் லாட்ஜ், பட்டுப்புடவையா காட்டன் புடவையா, வெயிலுக்குக் குடை எடுத்துப்போனால் உள்ளே விடுவார்களா, அவ்வளவுதான். எல்லார் வீட்டிலும் இதே.

அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்குப் பரமேஸ்வரன் பெயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இங்கேயே பயிற்சி பெற்று 1972-இல் அதிகாரியானவர். 1987 நவம்பரில் இலங்கையில் சண்டையில் இறந்தார். மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அப்பா இதை விளக்கியபோது அத்தை, "இதுக்குத்தானேடா நான் வேணாம்னேன்" என்றார். முதல் விதியை இங்கே திருத்தியாக வேண்டும். எதிர்ப்பும் உரிமையும் ஒரே பயத்தின் இரண்டு வேலைகளாக இருக்கலாம். அத்தை அதற்குப் பிறகு தோள் எதையும் கேட்கவில்லை. முன்வரிசை நாற்காலியைத்தான் கேட்டார்.

மெதுநடையில் 'அந்திம் பக்' என்னும் கடைசி அடியைத் தாண்டி மகள் வெளியே வந்தாள். வலது தோள் அம்மா, இடது தோள் அப்பா. அப்பா மறைப்பை நீக்கியதும் கையைத் தூக்கவும் இல்லை, 'ஜெய் ஹிந்த்' சொல்லவும் இல்லை. சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூல் ஒன்றைக் கிள்ளி எடுத்தார். அது எந்த விதியில் வரும் என்று தெரியாமல் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த நிமிடமே புது அதிகாரிகள் எல்லாரும் தரையில் விழுந்து தண்டால் எடுக்கத் தொடங்கினார்கள். கொண்டாட்டமாம். "ஐயோ, இஸ்திரி போட்ட சட்டை!" என்று அம்மா கத்தியது பேண்டு வாத்தியத்தையும் மீறிக் கேட்டது.

பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது ராணுவ விதி. அந்த விதி அணிவகுப்பு நடந்த அந்தச் சனிக்கிழமை காலையோடு காலாவதி ஆனதைக் குடும்பத்தில் அத்தை ஒருவர்தான் சரியாகக் கணக்கு வைத்திருந்தார். ஜாதகம் அவர் கைப்பையில் இருந்தது. தாய்மாமன் அதற்குள் மருமகளின் தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்து செல்ஃபிக்குத் தயாராகிவிட்டார். "மச்சான், தொப்பியைக் கழட்டு!" என்றார் சுபேதார், பரேடு மைதானத்துக் குரலில். மச்சான் கழற்றினார். அவருக்குப் பின்னால் சித்தப்பா வரிசையில் நின்றிருந்தார்.