சீட்டில்லாமல் ஃப்ளூ மாத்திரை வாங்குவது எப்படி?

முதலில் காய்ச்சல் வரட்டும். வந்த அன்றே டாக்டரிடம் ஓடுவது அனுபவமில்லாதவர்கள் வேலை. சுக்குக் கஷாயம், ஆவி, மிளகு ரசம் என்று மூன்று நாள் ஓட்டுங்கள். ஓசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்பார்கள். வைரஸுக்கும் கொஞ்சம் அவகாசம் தர வேண்டாமா?

நான்காம் நாள் தெருமுனை மெடிக்கல்ஸுக்குப் போங்கள்.

"அண்ணே, பன்னிக்காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

"சீட்டு இருக்கா சார்?"

தடுமாறாதீர்கள். போன வருஷம் மச்சானுக்கு எழுதிய சீட்டு செல்போனில் இருக்குமே, அதை நீட்டுங்கள். 75 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், குழந்தைக்கு எடை பார்த்துத் தர வேண்டும். ஆனால் மச்சானுக்குத்தான் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதே!

கடைக்காரர் அட்டையில் உள்ள சிவப்புக் கட்டத்தைக் காட்டுவார். இது ஹெச்1 பட்டியல் மருந்து. எழுதிய டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை என்று பதிவேட்டில் ஏற்றி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். 2017 வரை இதைவிடக் கெடுபிடியான எக்ஸ் பட்டியலில் இருந்தது. "ஹெச்1என்1 காய்ச்சலுக்கு ஹெச்1 பட்டியல், பொருத்தம்தானே?" என்று கேட்டு வையுங்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் அப்போதும் மசியவில்லையா? பிரியாணி செய்யுங்கள். அன்னாசிப்பூவில் உள்ள ஷிகிமிக் அமிலத்திலிருந்துதான் இந்த மருந்தையே தயாரித்தார்கள். ஆலையில் பல படி தாண்டினால்தான் அது மருந்தாகும். உங்கள் அண்டாவில் மசாலாவாகவே இருக்கும். ஆனாலும் மணக்கும்.

எப்படியோ மாத்திரை கிடைத்துவிட்டது என்றே வைப்போம். உங்களுக்கு வந்திருப்பது ஃப்ளூதானா? டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாமே முதல் நாள் ஒரே மாதிரி உடம்பு வலியோடுதான் வரும். அவற்றில் ஒன்றைக்கூட இந்த மாத்திரை தொடாது. வெறும் சளியையும் தொடாது. ஃப்ளூவாகவே இருந்தாலும், திடமான ஆளுக்குக் காய்ச்சலை ஏறக்குறைய ஒரு நாள் குறைக்கும், அவ்வளவுதான். கர்ப்பிணி, முதியவர், ஆஸ்துமாக்காரர், மூச்சு வாங்குபவர், இவர்களுக்குத்தான் உடனே தேவை. அவர்களைக் கஷாயம் குடித்துக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது.