இஞ்சி டேப்பும் ஒரு ஸ்டூலும்

நெல்லை டவுனில் ஒரு துணிக்கடை. பெயர் வேண்டாம், எந்தக் கடையானாலும் கதை இதுதான். காலை ஒன்பதுக்கு நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் இறக்கம். அங்கே மருத்துவ முகாம். சேலை அளக்கிற பெண்ணின் இடுப்பை இஞ்சி டேப்பால் அளக்கிறார்கள். ‘எடையைக் குறைங்கம்மா. டென்ஷன் ஆகாதீங்க. தினமும் நடங்க.’

எப்போது நடக்க? பஸ்ஸில் தொங்கிக்கொண்டா?

மருத்துவம் பொய் சொல்லவில்லை. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டையல்ல. அது இன்டர்லூகின்-6 போன்றவற்றைச் சுரக்கும். உடனே கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை ரத்தத்தில் இறக்கும். காயமே படாத உடம்பு காயம்பட்டதுபோல் உள்ளுக்குள் கனலும். இதுதான் அழற்சி. டென்ஷனும் பொய்யல்ல. 2012இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பாவில் ஏறக்குறைய 2 லட்சம் பேர். வேலை தலைக்கு மேல், அதிகாரம் கைக்கு வெளியே என்றிருந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 23 சதவீதம் அதிகம்.

அழற்சிக்கு நெருக்கடியைவிட எடைதான் பெரிய குற்றவாளி என்பார்கள். சரி அண்ணாச்சி. தூக்கத்தைப் பிடுங்கி, ராத்திரி பத்தரைக்குப் புரோட்டாவைத் தின்னவைத்து அந்த எடையை ஏற்றியது யார்?

2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. ஸ்டூல் வந்தது. மறுநாளே அதன்மேல் சேலைக்கட்டு உட்கார்ந்துகொண்டது. 2023 ஏப்ரல் 21இல் அதே சட்டமன்றம் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்குக் கதவு திறந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே 1இல் வாபஸ் அறிவிப்பு. பறிக்க வந்ததைத் திருப்பித் தந்ததற்குத் தொழிலாளர் தின வாழ்த்து வேறு! அதே ஆண்டு நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை: ‘நடப்போம் நலம் பெறுவோம்’. அடுத்த ஆண்டு ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’. தொழிலாளரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஷிப்டைத்தான் காணோம்.

மேலப்பாளையத்துக்கும் முக்கூடலுக்கும் போனால் தலைகீழ். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். ஆயிரம் பீடி சுற்றும்வரை பெண்ணின் முதுகு நிமிராது. இவளுக்கு எழ வழியில்லை. துணிக்கடையில் அவளுக்கு உட்கார வழியில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு: வாக்கிங் போங்க.

முகாம் அன்று மட்டும் சேலைக்கட்டை இறக்கி ஸ்டூலைத் துடைத்து வைத்தார்கள். முதலாளி அதில் உட்கார்ந்து, இஞ்சி டேப்பைக் கையில் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டார்.

போட்டோ எடுத்த பெண் நின்றுகொண்டிருந்தாள்.