ரொக்கத்துக்கு ருசு

கேள்வி: கிரயத் தொகை முழுவதையும் ரொக்கமாகக் கொடுத்து நிலத்தை வாங்கினேன். இப்போது விற்றவர், "பணமே வரவில்லை" என்று வழக்காடுகிறார். எதைக் காட்டி நிரூபிப்பது?

பதில்: தொகையைப் பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் அவரே எழுதிக் கையொப்பமிட்டிருப்பாராயின், அதைப் பொய்யென்று ஸ்தாபிக்கும் பாரம் முதலில் அவரையே சாரும். சார்பதிவாளர் முன்னிலையில் பணம் எண்ணப்பட்டிருந்தாலோ, வரவை அவர் அங்கே ஒப்புக்கொண்டிருந்தாலோ, 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தின் மேலேயே எழுதப்படும் குறிப்பு, பத்துச் சாட்சிகளுக்குச் சமானம். அன்று பணம் எடுத்த பாங்கிக் கணக்கும் துணை நிற்கும். மேலும், விலையைக் கொடுப்பதாக வாக்களித்தாலும் அது கிரயமே என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்வதால், பாக்கி உண்டென்றே வைத்துக்கொண்டாலும், அவர் பொதுவாகப் பாக்கியைக் கேட்கலாமேயன்றி நிலத்தைக் கேட்க இயலாது. மனிதருடைய ஞாபகம் லாபத்தின் பக்கம் சாயும், மசி சாயாது. ஆகையால், இனி நிலம் வாங்குவோர் ரொக்கத்தை விடுத்துக் காசோலையால் கொடுப்பதே விவேகம்.