திறந்த பானட்டும் தீராத வேலையும்: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வு

சங்க இலக்கியத்தில் பறவைகள், சங்க இலக்கியத்தில் உணவு, சங்க இலக்கியத்தில் மேலாண்மை என்று இந்த மொழியில் ஆய்வேடு ஏறாத பொருள் அரிது. அப்படியிருந்தும், சென்னைப் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலை திறக்கப்படும் ஒரு பழைய காரின் பானட்டு, மதியச் சாப்பாடு ஆறி அவலாய்ப் போன பிறகும் மூடப்படாமல் நிற்பது ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மானியக் குழுவின் நிதி எதையும் எதிர்பாராமல், சொந்தக் காசில் டீ குடித்து, இக்குறையைப் போக்க முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

ஆய்வு எல்லை: ஒரு பொறியாளர், ஒரு கார். மாதிரியின் அளவு போதாது என்று புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்த ஒருவரே ஒரு முற்பகலுக்குள் ஒன்றுக்கொன்று முரணான பல முடிவுகளுக்கு வந்துவிடுவதால் தரவுக்குக் குறைவில்லை.

கருதுகோள்: பொறியாளர் பானட்டைத் திறப்பது வண்டியைச் சரிசெய்வதற்காக அன்று.

முதலில் வண்டியைப் பார்ப்போம். பிரீமியர் பத்மினி. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாயில் தயாராகத் தொடங்கி, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி. 1089 சி.சி. எஞ்சின், கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். மும்பையில் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டு விலகின. தனியார் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் ஒரே தாவாக 5,000 ரூபாய் ஆயிற்று. நம் மாதிரி அதையும் கட்டினார். வண்டி மாமனார் வழி வந்தது. சீதனம் என்றால் சட்டச் சிக்கல் என்பதால் குடும்ப வழக்கில் அது 'அன்பளிப்பு' எனப்படும். பழுதாகி நடுவழியில் நிற்கும் நாள்களில் மட்டும் 'உங்க அப்பா வண்டி' எனப்படும்.

இனி பொறியாளர். எந்திரவியல் பட்டம், ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் வேலை. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை இவர் 'கார் கம்பெனியில பெரிய இடத்துல இருக்கார்'. உண்மையில் இவர் பொறுப்பில் இருப்பது கார் அன்று, காரின் கதவும் அன்று. கதவுக்குள் ஓடும் ஒயரைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப். அந்தக் கிளிப் எப்படியெல்லாம் கெட்டுப்போகக்கூடும் என்று முன்கூட்டியே கவலைப்படும் அட்டவணைக்கு எஃப்.எம்.இ.ஏ. என்று பெயர். 1949-இல் அமெரிக்க ராணுவ நடைமுறையாக எழுதப்பட்டு, பின்னால் கார்த் தொழிலுக்கு வந்து சேர்ந்த முறை. கோளாறு எவ்வளவு கடுமை, எவ்வளவு அடிக்கடி வரும், கண்ணில் படாமல் நழுவ எவ்வளவு வாய்ப்பு என்று மூன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பெருக்கினால் அபாய எண் கிடைக்கும். உச்சம் 1000. 2019-இல் வந்த புதிய கையேடு இந்தப் பெருக்கலைக் கைவிட்டுவிட்டது; நம்மவர் இன்னும் கைவிடவில்லை.

கிளிப் ஒன்று உடைந்துவிட்டால் டொயோட்டா வழியில் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு விடை பெரும்பாலும் 'பயிற்சி போதவில்லை' என்றே அமையும். ஆறாவது முறை கேட்டால் மேலாளரின் பெயர் வெளியே வந்துவிடும் என்பதால் ஐந்தோடு நிறுத்துவது மரபு. இத்தனைக்கும் அந்தக் கிளிப்பை அவர் கையில் எடுத்துப் பார்த்து நாளாயிற்று. திரையில் சுழற்றிப் பார்க்கிறார். எக்செல் கட்டத்தில் பார்க்கிறார். கனவில் பார்ப்பதாகவும் ஒருமுறை ஒப்புக்கொண்டார். வாரத்தில் ஐந்து நாள் இன்னும் வராத கோளாறுக்கு மதிப்பெண் போட்டவருக்கு, தொட்டால் சுடுகிற, கழற்றினால் கையைக் கருப்பாக்குகிற ஒரு முழுக் கார் ஞாயிறன்று கிடைக்கிறது. மேற்கண்ட கருதுகோளின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று இக்கட்டுரையாளர் துணிகிறார்.

அடுத்துத் திணை வகுக்க வேண்டும். முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், டூவீலர் வரிசைக்கும் மோட்டார் ரூமுக்கும் இடைப்பட்ட நிழலும் நிழல் சார்ந்த இடமும். பெரும்பொழுது அக்னி நட்சத்திரம்; சிறுபொழுது இட்லிக்கும் மட்டன் குழம்புக்கும் இடையிலான நேரம். கருப்பொருளில் தெய்வம் டேஷ்போர்டுப் பிள்ளையார். பறவை, வண்டியின் மேல் தன் கருத்தைப் பதிவுசெய்துவிட்டுப் போகும் புறா. பறை, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் தானாக அலறும் ஹார்ன். உரிப்பொருள் கழற்றலும் கழற்றல் நிமித்தமும். மாட்டுதல் இத்திணைக்கு உரியதன்று. எங்கேனும் அது தென்பட்டால், மெக்கானிக்கின் திணையிலிருந்து வந்து கலந்த திணைமயக்கம் என்று கொள்க.

பெரும்பொழுதுக்கு அக்னி நட்சத்திரத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். பத்மினியின் பெட்ரோல் பம்ப்போ எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருப்பது. மே மாத வெயிலில் சிக்னலில் நின்றால் பம்ப்புக்குள் திரவம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி நிற்கும். டயாஃப்ரம் அடித்துக்கொண்டே இருக்கும், கார்பரேட்டருக்கு எதுவும் வந்து சேராது. இதற்குப் பழைய டிரைவர்கள் கண்ட மருந்து பம்ப்பின் மேல் ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். நம் பொறியாளருக்கு இது அவமானமாகப் பட்டது. வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றை வடிவமைத்தார். அலுமினியத்திலா எவர்சில்வரிலா என்று ஒப்பீட்டு அறிக்கை தயாரித்தார். கோடை முடிந்தது. தகடு இன்னும் கணினியில் இருக்கிறது. பம்ப்பின் மேல் இருப்பது, வீட்டில் தேடப்பட்டுவரும் பூப்போட்ட துண்டு.

இத்துறையில் மாற்றுப் பள்ளி ஒன்றும் உண்டு. நாலு தெரு தள்ளி வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் மெக்கானிக் அண்ணன் அதன் தலைவர், உறுப்பினர், பொருளாளர். ஒருநாள் பிளக்கைக் கழற்றிக்கொண்டு பொறியாளர் அவரிடம் போனார். கையில் ஜி.பி. ரோடில் வாங்கிய ஃபீலர் கேஜ்; விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அளவு பொறித்திருக்கும். 0.6 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும் என்று அவர் தகட்டைத் தேடி எடுப்பதற்குள், அண்ணன் உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டு ஒன்றை எடுத்தார். பிளக்கின் முனையைத் தரையில் லேசாக ஒரு தட்டு. பல் இல்லாத விளிம்பை இடையில் விட்டு ஒரு இழுப்பு. உரசிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இது கேஜ் இல்லையே, பிளேடாச்சே?"

"கேஜும் பிளேடுதான் சார். இதுல பல்லு இருக்கு, அதுல நம்பர் இருக்கு."

பொறியாளர் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் டிஜிட்டல் வெர்னியரால் அளந்தார். 0.63. கைரம்பத்துக்கு விற்கும் சாதாரண பிளேடின் தடிமனே அதுதான் என்பது பிறகு தெரிந்தது. அன்று இரவு அவர் அதிகம் பேசவில்லை என்று களத்தரவு கூறுகிறது.

கணிதப் பகுதி சிறியது. நான்கு பிளக் ஒயர்களையும் அடையாளம் வைக்காமல் ஒருசேரப் பிடுங்கினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அவற்றைத் திரும்பச் செருக 24 வழிகள் உண்டு. சரியான வழி ஒன்று. எரியும் வரிசை 1-3-4-2. பாமரர் முதலில் போனில் படம் எடுத்துக்கொள்வார். படித்தவருக்கு வரிசைதான் தெரியுமே? வரிசை தெரிந்தது, ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைத்தான் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பியதும் சைலன்சரில் 'டமார்' என்றது. வாட்ச்மேன் ஓடிவந்தார்: "சார், இந்த அசோசியேஷன்ல தீபாவளிக்கே பர்மிஷன் கேக்கணும்."

இந்த இடத்தில் கூடுவோர் இயல் தொடங்குகிறது. மூடிய பானட்டைச் சுற்றி ஒருவரும் நிற்பதில்லை. திறந்த பானட்டைச் சுற்றி எவரும் தனியாக நிற்க முடிவதில்லை. முதலில் வருபவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "எங்கிட்ட அம்பாசிடர் இருந்தப்போ..." என்று ஆரம்பிப்பார். அந்த அம்பாசிடர் ஒருமுறைகூட நின்றதில்லை. ஆனாலும் அதை எப்படியெல்லாம் சரிசெய்தார் என்பதற்கு அவரிடம் கதைகள் உண்டு. இரண்டாமவர் மென்பொருள்காரர், "அணைச்சிட்டு மறுபடி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பார். மூன்றாவதாகப் பையன்கள், இவர்கள் கேள்வி எதுவும் கேட்பதில்லை, திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கருத்துச் சொல்பவர் கார் ஓட்டி எவ்வளவு காலம் ஆகிறதோ அவ்வளவுக்குக் குரல் உயரும் என்பது தற்காலிக விதி.

விதிக்கு விலக்கு இஸ்திரி வண்டிக்காரர். அவர் ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தார். செல்ஃப் எடுக்காமல் 'டொக் டொக்' என்று மட்டும் கேட்ட நாள். "பேட்டரி முனையில பூத்திருக்கு பாருங்க சார். சுடுதண்ணி ஊத்துங்க, போயிரும்." பொறியாளர் சுடுதண்ணீரை உடனே ஊற்றவில்லை. துணி சுற்றித் தரும் பழைய செய்தித்தாளை வாங்கி ஓரத்தில் கணக்குப் போட்டார். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். அந்தப் பச்சைப் பூப்பு 0.02 ஓம் தடை கொடுத்தால் அங்கேயே 2 வோல்ட் போச்சு. 12 வோல்ட் பேட்டரியில் 2 என்பது சின்ன விஷயமில்லை. ஆகவே சுடுதண்ணீர் ஊற்றலாம் என்ற முடிவு எட்டப்பட்டது. அதற்குள் தண்ணீர் ஆறிவிட்டிருந்தது. மறுபடி கொதிக்கவைத்து ஊற்ற, வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. கணக்குப் போட்ட தாளில் மேலாளரின் சட்டை சுற்றிப் போனது.

வீட்டில் கேட்கும் 'கிர்ர்' சத்தம் மெக்கானிக் முன்னால் மட்டும் கேட்பதில்லை என்ற பழைய புதிருக்கும் இவ்வாய்வு விடை காண்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. சூடேறினால் உலோகம் விரியும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். குளிர்ந்த எஞ்சினில் ஆடிக்கொண்டிருந்த பாகம், நாலு தெரு ஓடி வேப்பமரத்தடிக்கு வருவதற்குள் இறுகி வாயை மூடிக்கொள்கிறது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துக் காலையில் கேட்கச் சொன்னால் தீர்ந்தது. பொறியாளருக்கு இது தெரியும். வரவழைப்பதில்லை என்பதை மட்டும் குறித்துவைப்போம்.

இவ்வாய்வின் உச்சம் மீந்த போல்ட். கழற்றியதையெல்லாம் மாட்டி முடித்தபின், அழுக்குத் துணிமேல் ஒரு போல்ட் மீதி இருக்கும். பத்து-பதினொண்ணு ஸ்பேனர் பிடிக்கிற சிறிய போல்ட். இது எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டது என்பார் ஒரு சாரார். முந்தைய மெக்கானிக் உள்ளே மறந்துபோனது என்பது அம்பாசிடர் மேலாளரின் துணிபு. நம் பொறியாளரின் கொள்கை நுட்பமானது: எந்த வடிவமைப்பிலும் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று இருக்கும், இரு மடங்கு சுமை தாங்கும்படி செய்திருந்தால், கொள்கையளவில் பாதி போல்ட்டுகள் அலங்காரமே. இதே மனிதர் வெள்ளிக்கிழமைதான், கிளிப்பின் ஒரு மூலையில் அரை மில்லிமீட்டர் குறைந்ததற்காக ஒரு லாட்டையே திருப்பி அனுப்பியவர் என்பதை முரண் என்று கருதலாகாது. அது ஒரகடம், இது வேறு திணை.

ஆய்வின் நிறைவில் வாய்மொழித் தேர்வு, பொதுமக்கள் முன்னிலையில், கார் நிறுத்துமிடத்திலேயே நடந்தது. புறத்தேர்வாளராக வந்தவர் பொறியாளரின் மனைவி. கையில் காய்கறிப் பை.

"ஏங்க, வண்டிக்கு என்ன கோளாறு?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லம்மா. டியூனிங்."

"காலையில பால் வாங்கப் போயிட்டு வந்தீங்களே, அப்ப நல்லாத்தானே ஓடுச்சு?"

சுற்றி நின்றவர்கள் அமைதியாயினர். மேலாளர் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். கருதுகோள் நிரூபணமாகிவிட்டதை உணர்ந்து கட்டுரையாளர் குறிப்பேட்டை மூட, பொறியாளர் பாதுகாப்புக் காரணியை விளக்குவதற்காக மீந்த போல்ட்டை எடுத்து நீட்டினார். தேர்வாளர் அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"இது தையல் மெஷின் ஸ்டாண்டோடது. எண்ணெய் விடுறேன்னு நேத்து கழட்டினீங்களே, அது."